பழைய வீட்டு அடுப்பு: பூசிக் கட்டுவதா, புதிதாய் மாற்றுவதா?

தீபாவளி வருகிறதென்றால் முன்வாசல் பலகைக்கு வர்ணம் பூசுகிறோம். ஜன்னல் சீலையை மாற்றுகிறோம். நாற்காலிக்குப் புது உறை தைக்கிறோம். பின்பக்கத்துக் குசினிக்குள் போய்ப் பாருங்கள், அடுப்பு மட்டும் பாட்டி காலத்து அடுப்பாகவே இருக்கும். வாய் உடைந்து, ஒரு குமிழ் கரைந்து, சட்டி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். கேஸ் அடுப்பு வாங்கிய வீட்டிலும் கதை பெரிதாக மாறவில்லை. அடுப்பு வந்த நாளில் மாட்டிய ரப்பர் குழாயே இன்றும் தொங்கும். எந்த வருடம் வாங்கியது என்று கேட்டால், "பெரியவள் அப்போ மூன்றாம் ஆண்டு படிச்சா, டீச்சர்" என்று பதில் வரும். பெரியவளுக்கு இப்போது மாப்பிள்ளை பார்த்துக் கொண்டிருப்பார்கள்!

இந்தப் பேச்சுக்குக் காரணம் என் பள்ளிப் பிள்ளை ஒருவனின் தாயார். லயத்து வீடு. மண் அடுப்பு நடுவில் வெடித்துவிட்டது. "சிமெண்டு வாங்கிப் பூசிடலாமா, இல்லே இடிச்சுப் போட்டுட்டு கேஸ் வாங்கலாமா டீச்சர்? மாமியார் இடிக்க விடமாட்டேங்கிறாங்க" என்று கேட்டார். பள்ளிக்கூட வாசலில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற காரியமா இது? அவருக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இந்த மாதம் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும். அடுப்பு எங்கே இருக்கிறது? வீட்டுக் கூரையின் கீழே, நான்கு சுவருக்குள் இருக்கிறதா, அல்லது பின்பக்கம் திறந்த சாய்ப்பில் இருக்கிறதா? உள்ளே இருக்கிற விறகடுப்பைப் பழுது பார்த்துக் காப்பாற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. வெளிச் சாய்ப்பில் இருப்பதைத் தாராளமாய்ப் பூசிக் கட்டுங்கள். பொங்கல் வைக்கவும், பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் போடவும், முறுக்குச் சட்டி ஏற்றவும் அது வேண்டும். மாமியாரின் மீன் குழம்புக்கும் வேண்டும். அந்த அம்மாள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

உள்ளே ஏன் கூடாது? புகை என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். எரிந்திருக்க வேண்டிய விறகு, சரியாக எரியாமல் காற்றில் போவதுதான் புகை. நாம் வெட்டிச் சுமந்து வந்த விறகில் ஒரு பங்கு சட்டிக்குப் போகாமல் நம் நெஞ்சுக்குள் போகிறது. விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் கெட்டுப்போகும் காற்றினால் 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஊதுகுழல் பிடிக்கிற தாயும், அவள் இடுப்பில் இருக்கிற பிள்ளையும்தான் அந்தக் காற்றை அதிகம் இழுக்கிறார்கள். வீட்டுக்காரர் காலையில் வெட்டுக்குப் போய்விடுகிறார். அவருக்கு இது தெரிவதில்லை.

மழைக்காலத்தில் சில பிள்ளைகள் வகுப்பில் விடாமல் இருமுவார்கள். அவர்களுடைய சட்டையை மோந்து பார்த்தாலே எந்த வீட்டில் உள்ளே விறகு எரிகிறது என்று சொல்லிவிடலாம். 2015-ஆம் ஆண்டுப் புகைமூட்டம் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். எல்லோரும் கதவு ஜன்னலைச் சாத்திக் கொண்டார்கள். வெளியே காடு எரிகிற புகை, உள்ளே அடுப்புப் புகை. அப்படிப்பட்ட நாளில் உள்ளே விறகு மூட்டுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

சரி, வெளிச் சாய்ப்பு அடுப்புக்கு வருவோம். வெடித்த இடத்தில் சிமெண்டு பூசுவது பலரும் செய்கிற வேலை. பார்வைக்கு வழுவழுப்பாக அழகாயிருக்கும். பத்து நாள் நெருப்பு பட்டதும் பாளம் பாளமாய்ப் பெயர்ந்து வரும். சிமெண்டு இறுகுவது தண்ணீரைத் தனக்குள் பிடித்துக் கொள்வதால்தான். கடுஞ்சூடு அந்தத் தண்ணீரை விரட்டிவிடுகிறது. பிறகு அது மாவாக உதிர்கிறது. நெருப்பு படுகிற வாயும் உட்சுவரும் மண்ணாகவே இருக்க வேண்டும். செங்கல் வைத்துக் கட்டினாலும் இடையில் மண் சாந்துதான். ஆற்றங்கரைக் கூழாங்கல்லைக் குமிழாக வைக்காதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துச் சிதறும். பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் கெடுக்கும்.

மண்ணுக்கு எங்கே போவது? தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். கறையான் புற்று மண் மிகவும் நல்லது. நன்றாக நுணுக்கி, கல்லும் வேரும் பொறுக்கி, ஒரு நாள் தண்ணீரில் ஊறவிடுங்கள். அதோடு மணலும், உமியும் சேர்க்க வேண்டும். உமி கிடைக்காவிட்டால் லாலான் புல்லை விரல் கணுவளவு நறுக்கிப் போடலாம். இத்தனை பங்குக்கு இத்தனை பங்கு என்று நான் கணக்குச் சொல்ல மாட்டேன், இடத்துக்கு இடம் மண் வேறு. எலுமிச்சம்பழம் அளவு உருண்டை பிடித்து நிழலில் காய வையுங்கள். காய்ந்ததும் வெடிப்பு விழுந்தால் மணல் போதவில்லை. கையில் பிடித்தால் உதிர்ந்தால் மண் போதவில்லை. இரண்டு மூன்று உருண்டை பிடித்துப் பார்த்தால் நம் மண் எப்படி என்று தெரிந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தில் சோதனை என்று சொல்லித் தருவது இதைத்தான்.

பூசும்போது செய்கிற தவறு ஒன்று உண்டு. காய்ந்த பழைய அடுப்பின்மேல் அப்படியே புது மண்ணை அப்புவார்கள். பழைய மண் புது மண்ணிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். பூச்சு ஒட்டாமல் ஏடாக எழும்பும். முதலில் வெடிப்பை ஆணியால் நன்றாகக் கீறி அகலமாக்குங்கள். கரியையும் தூசியையும் துடைத்து, தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, பிறகு அழுத்திப் பூசுங்கள். ஒரு வாரம், மழைக்காலமானால் இரண்டு வாரம், நிழலில் காயட்டும். அவசரப்பட்டு அன்றைக்கே தீ மூட்டினால் வேலை வீண். முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சுள்ளி போட்டுச் சிறு நெருப்பாக மூட்டுங்கள்.

கட்டும்போதே அடியில் நாலைந்து இரும்புக் கம்பியை விரல் இடைவெளி விட்டுப் பதித்துவிட்டால், விறகு அதன்மேல் இருந்து எரியும். காற்று கீழிருந்து வரும். சாம்பல் தானே இறங்கும். புகை பாதியாகக் குறைவதை நீங்களே பார்க்கலாம். குமிழின் உயரத்தையும் கவனியுங்கள். சட்டிக்கும் அடுப்பு வாய்க்கும் இடையில் ஒரு விரல் தடிப்பு இடைவெளி போதும். அதற்குமேல் போனால் சுவாலை வெளியே நக்கும், சட்டி சூடேறாது. குறைந்தால் நெருப்பு மூச்சுத் திணறும்.

புகைக்குழாய் வைத்த அடுப்பைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். அது நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியியல் அறிஞர் புகையில்லா மண் அடுப்பைப் பற்றி எழுதிய நூல் 1953-இல் சென்னையில் வெளியானது. நல்ல யோசனைதான். ஆனால் பின்னாளில் இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் அப்படிப்பட்ட அடுப்புகளைக் கிராமங்களில் கட்டிக் கொடுத்து, நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருடம் உள்ளே இழுக்கும் புகை குறைந்தது. அதன்பிறகு பலன் மறைந்து போயிற்று. அடுப்பில் விழுந்த வெடிப்பைப் பூசவில்லை, குழாயைச் சுத்தம் செய்யவில்லை, ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை. கட்டுவது ஒரு நாள் வேலை. கரி தட்டுவது மாதாமாதம் வருகிற வேலை. அதைச் செய்ய வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் குழாய் வையுங்கள்.

வைக்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். தகரக் குழாய் நெருப்பாய்க் காயும். பலகைச் சுவரிலிருந்தும் கூரைக் கட்டையிலிருந்தும் ஒரு முழமாவது தள்ளி நிற்க வேண்டும். சுவருக்குப் பாதுகாப்பாகத் தகரத்தை அடித்துவிட்டேன் என்பார்கள். தகரத்தைப் பலகையோடு ஒட்டி ஆணி அடித்தால் சூடு அப்படியே பலகைக்குப் போகும். இடையில் கட்டை வைத்து ஓர் அங்குலமாவது காற்று போகும்படி விட்டு அடிக்க வேண்டும். இன்னொன்று, சில பழைய வீடுகளின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஏடு. குழாய்க்கு ஓட்டை போடுகிறேன் என்று அதை அறுக்கவோ துளைக்கவோ கூடாது. அதிலிருந்து பறக்கும் நுண்ணிய நார் நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரும்.

சுவரை அறுத்து ஜன்னல் வைக்கிறேன், சாய்ப்பை இழுத்துக் கட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு: தோட்டத்து வீட்டில் நிர்வாகத்தைக் கேட்காமல் செய்யாதீர்கள். 1966-இல் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்து ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990-இல் 446-ஆம் சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் வீட்டை மாற்றிக் கட்டாதபடி பார்த்துக் கொள்வது முதலாளியின் பொறுப்பு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதே சட்டம், வீட்டை நல்ல நிலையில் பழுது பார்த்து வைத்திருப்பதும் முதலாளியின் பொறுப்பு என்று சொல்கிறது. முதல் பாதியை நமக்கு எல்லோரும் ஞாபகப்படுத்துவார்கள். இரண்டாவது பாதியை நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும். கரி பிடித்து உளுத்த பலகை, ஓட்டைத் தகரம், மூடாத ஜன்னல் இவற்றைப் பெரட்டில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வீட்டு எண், தேதி, என்ன பழுது என்று எழுதி ஆபீசில் கொடுத்து, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கி வையுங்கள். எழுத வராதவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். பல மாதம் பதிலில்லை என்றால் அந்தப் பிரதியோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

விறகைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் மறுநடவு என்றால் லயம் முழுக்க ரப்பர் விறகு குவியும். 1980-களிலிருந்து ரப்பர் கட்டை மேசை நாற்காலியாகிக் கப்பலேறத் தொடங்கிவிட்டது. இப்போது கிடைத்ததை எரிக்கிறார்கள். பழைய வீடு இடித்த பலகை, வர்ணம் பூசிய கட்டை, பூச்சி மருந்து ஏற்றிய மரம் இவையெல்லாம் எரிந்தால் விஷம். அதில் சோறு வடிக்காதீர்கள். தீ பிடிக்க வைக்கப் பிளாஸ்டிக் பையையும் ஒட்டுப்பாலையும் சொருகுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். சாய்ப்போரம் அடுக்கிப் பல மாதம் காய வைத்தால் அதே விறகு நின்று எரியும்.

இனி கேஸ் அடுப்பு. உள்ளே சமைப்பதற்கு இதைத்தான் சொல்வேன். 2025-ஆம் ஆண்டில் தீபகற்பத்தில் வீட்டு உபயோகத் தோம்புக்கு அரசாங்கக் கட்டுப்பாட்டு விலை கிலோவுக்கு 1 வெள்ளி 90 காசு. 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு. தூக்கி வருகிற கூலி தனி. தோம்பு மாற்றிய தேதியை நாள்காட்டியில் குறித்து வாருங்கள். மூன்று தோம்பு காலியானதும் மாதச் செலவு இவ்வளவுதான் என்று வீட்டுக்காரரிடம் கணக்கோடு பேசலாம்.

கேஸ் அடுப்பில் எது கெடும், எதை மாற்ற வேண்டும்? அடுப்பைவிட முதலில் கெடுவது குழாய். சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் ரப்பர் இறுகிப் போகும். வளைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு தெரியும். லயத்தில் எலி வேறு! இரவில் கடித்து வைத்துவிட்டுப் போகும். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குழாயையும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ரெகுலேட்டரையும் மாற்றிவிடுவது நல்லது. சிரிம் முத்திரை பார்த்து வாங்குங்கள். மாட்டிய மாதமும் வருடமும் மார்க்கர் பேனாவால் ரெகுலேட்டர் மேலேயே எழுதி வையுங்கள். பெரியவள் எத்தனாம் ஆண்டு படித்தாள் என்று யோசிக்க வேண்டியிருக்காது. இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்குங்கள். குழாயை அடுப்புக்கு அடியில் நுழைத்துக் கொண்டு போகாதீர்கள். கல்யாண வீட்டுப் பெரிய அடுப்புக்குப் போடும் உயர் அழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டவே கூடாது.

தீ நீலமாக இருந்தால் அடுப்புக்கு ஆரோக்கியம். மஞ்சளாகி, சட்டியின் அடி கரியானால் பர்னர் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். ஆறிய பிறகு கழற்றி, பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய வைத்து மாட்டுங்கள். உள்ளே கேஸ் பீய்ச்சும் சின்னத் துளையில் ஊசியை விட்டுக் குடையாதீர்கள். துளை பெரிதானால் அடுப்பு அதோடு போயிற்று. பர்னர் கரைந்து ஓட்டை விழுந்தாலும், திருகி இறுக இறுகச் சிணுங்கினாலும், உடம்பு துருப்பிடித்துக் காலாடினாலும் அந்த அடுப்பைப் பழுது பார்க்கப் பணம் செலவழிக்காதீர்கள். புதிது வாங்குங்கள்.

கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது; தண்ணீர் மாதிரி தரையில் இறங்கிக் கட்டிலுக்கு அடியிலும் சாக்கடையிலும் தேங்கும். தோம்பிலுள்ள ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாகப் பெருகும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். நமக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த அழுகல் நாற்றத்தையே சேர்க்கிறார்கள். இயல்பில் அதற்கு மணமில்லை. ஆகவே தோம்பை மூடிய அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி நிறுத்துங்கள். படுக்கவைத்தால் ஆபத்து. புதுத் தோம்பு மாட்டும் ஒவ்வொரு முறையும் சோப்பு நுரையை இணைப்பில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வீரர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களைக் குசினிப் பக்கமே விடாதீர்கள்.

நாற்றம் அடித்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு ஜன்னலைத் திறங்கள். விளக்குச் சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் கூடாது, எரிவதை அணைக்கவும் கூடாது. காற்றாடியும் வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, தூரத்தில் நின்று கைத்தொலைபேசியில் 999-ஐ அழையுங்கள். பலகை லயத்தில் ஒரு வீட்டுத் தீ பத்து வீட்டுக்குப் போகும்; பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு வெளியேற்றுங்கள்.

மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு என் பதில் ஒரே வரிதான்: மாற்றுங்கள். வீட்டுக்குள் அதை எரிப்பதை உலக சுகாதார நிறுவனமே 2014-இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மாற்றும்வரை, எரியும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள். சோடா போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை தண்ணீர் என்று குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், உடனே ஆஸ்பத்திரி. கரி அடுப்பைக் குளிர் என்று அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதும் கூடாது. அதில் வருகிற விஷவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார்.

மின்சார அடுப்பு சுத்தமானது. ஆனால் பழைய வீட்டின் கம்பி தாங்குமா என்பதுதான் கேள்வி. 2000 வாட் அடுப்பு ஒன்று ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ஒரே நீட்டுக் கம்பியில் அடுப்பு, சோறாக்கும் பானை, குளிர்பெட்டி மூன்றையும் சொருகினால் கம்பி சுவருக்குள்ளேயே உருகும். அனுமதி பெற்ற மின் வேலைக்காரரைக் கொண்டு பார்த்த பிறகே வாங்குங்கள்.

கேட்ட தாயாருக்கு நான் சொன்னது: உள்ளே இருப்பதை இடித்து, அந்த மண்ணையே ஊறவைத்துப் பின் சாய்ப்பில் மாமியார் கையால் புது அடுப்பு போடச் சொல்லுங்கள். நெருப்பு கண்ட கட்டிகள் ஊறாது. அவற்றை நன்றாக இடித்து, மணலுக்குப் பதிலாகச் சேர்க்கலாம். அடுப்பு போடத் தெரிந்த கை அந்த வீட்டில் அவருடையதுதான். உள்ளே கேஸ். அடுப்புச் சாம்பலைக் கீரைப் பாத்திக்குப் போடலாம். ஆனால் மேலே ஆறியிருந்தாலும் உள்ளே கங்கு மறுநாள் வரை உயிரோடிருக்கும். மூடியுள்ள தகர டின்னில் ஒரு நாள் வைத்துப் பிறகு கொட்டுங்கள்.

யாருக்காவது சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம். பற்பசை, கிச்சாப்பு, மை ஒன்றும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் லேசாக மூடி, கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.